பொட்டு வைத்த பிரேக்

2025ஆம் ஆண்டு ஜனவரி மூன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை ஐந்து மணி ஐம்பது நிமிடம். மார்கழிப் பனி கனமாக இறங்கியிருந்தது. எதிர்வீட்டுச் சுவர் தெரியவில்லை. வாசலில் நின்ற ஆட்டோவின் பின்விளக்கு மட்டும் தண்ணீரில் குங்குமம் கரைந்த மாதிரி தெரிந்தது. நான் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் முப்பத்து மூன்று வருடம் கணக்கராக இருந்தவன். பட்டு நூலையும் ஜரிகையையும் கிராம் பிசகாமல் நிறுத்துக் கொடுத்தும் வாங்கியும் பழகிய கைக்கு, நாளும் மணியும் குறிக்காமல் ஒரு விஷயத்தைத் தொடங்க வராது.

அன்று காலை என் வீட்டுக் கூடத்தில் எட்டு பிரேக் ஷூக்கள் இருந்தன. லாரிச் சக்கரத்துக்கு உள்ளே, சுற்றும் இரும்பு டிரம்முக்குள், பிறை மாதிரி வளைந்து ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருக்கும் சாமான் அது. டிரைவர் மிதித்தால் இரண்டும் விரிந்து டிரம்மை அழுத்தும். உண்மையில் பிடிப்பது இரும்பு அல்ல. அதன் முதுகில் ஆணி அடித்துப் பொருத்திய லைனிங் என்கிற பட்டை. ஒரு ஷூவுக்கு இரண்டு துண்டு, எட்டு ஷூவுக்குப் பதினாறு. முந்தின நாள் மாலைதான் லைனிங் கடையில் புதிதாக அடித்து வாங்கியிருந்தேன். பட்டறை திருப்புட்குழிக்குப் பக்கத்தில் நெடுஞ்சாலை ஓரம் இருக்கிறது. கதவு தகரம், பூட்டு என் சைக்கிள் பூட்டைவிடச் சின்னது. ஆறாயிரத்து இருநூற்று நாற்பது ரூபாய்ச் சரக்கை அங்கே ராத்திரி முழுக்க விட்டுவைக்க எனக்கு மனம் வரவில்லை. வீட்டுக்கே கொண்டுவந்து, பூஜை அலமாரிக்குக் கீழே பழைய சாக்கை விரித்து வரிசையாக அடுக்கினேன். படுக்கும் முன் எண்ணினேன். எட்டு.

காலையில் தூக்கப் போனபோதும் எட்டுதான். ஆனால் பதினாறு லைனிங் துண்டுகளின் நடுவிலும் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு மஞ்சள், மஞ்சளுக்கு நடுவில் குங்குமம். என் மனைவி எப்போது எழுந்தாளோ தெரியாது. வெள்ளிக்கிழமை நிலைப்படிக்கு வைப்பது போலவே ஒன்றையும் விடாமல் வைத்திருந்தாள். மார்கழியில் எதையும் புதிதாகத் தொடங்கக் கூடாது என்பது அவள் கட்சி. பத்து நாள் பொறுத்துத் தை பிறந்ததும் பூட்டினால் என்ன என்று மூன்று முறை கேட்டாள். திங்கட்கிழமை நெல் ஏற்ற வேண்டும் என்று நானும் மூன்று முறை சொன்னேன். நான்காவது முறை கேட்காமல் இப்படிப் பரிகாரம் செய்துவிட்டாள்.

எனக்கு அது தப்பாகத் தோன்றவில்லை. கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது. ஆட்டோ குலுங்கிப் பொட்டு அழியக் கூடாது என்று ஒவ்வொரு ஷூவுக்கும் நடுவில் செய்தித்தாள் மடித்து வைத்தேன்.

அந்த லாரி எனக்கும் என் மாப்பிள்ளைக்கும் பொது. பணம் என்னுடையது, ஓட்டம் அவருடையது. இருபத்திரண்டு வயது வண்டி. அதை வாங்குவதற்கு முன்னால் மாப்பிள்ளை ஒரு தொழிற்சாலையில் மூன்று மாதம் வேலை பார்த்தார். ஒரே கூரைக்குக் கீழே எட்டு மணி நேரம் நிற்க முடியவில்லை என்று திரும்பி வந்துவிட்டார். ஸ்டியரிங்கைப் பிடித்தால் முகமே வேறு மாதிரி ஆகிவிடும். ஓய்வூதியத்தோடு வந்த பணத்தில் லாரி வாங்கலாம் என்று நான் ஒப்புக்கொண்டது அந்த முகத்துக்காகத்தான்; லாபக் கணக்கைப் பார்த்திருந்தால் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்.

கார்த்திகைக் கடைசியில் அந்த வண்டி ஒரு நாள் நிற்கவில்லை. அரிசி மூட்டையோடு ரயில்வே மேம்பாலத்திலிருந்து இறங்கும்போது எங்கோ குழாய் விட்டு, காற்று அத்தனையும் போய்விட்டது. பெரிய வண்டிகளுக்கு பிரேக் காற்றில்தான் வேலை செய்கிறது. தொட்டியில் அழுத்தி அடைத்த காற்றுதான் ஷூவைத் தள்ளுகிறது. காற்று இறங்கினால் தானாகப் பிடிக்க வேண்டிய பின்சக்கரத்து ஸ்பிரிங்கும் பிடிக்கவில்லை. மாப்பிள்ளை கியரைக் குறைத்துக் குறைத்து, கீழே சாலை வேலைக்குக் கொட்டியிருந்த மணல் மேட்டில் வண்டியின் மூக்கைச் சொருகி நிறுத்தினார். பம்பர் நெளிந்தது, நான்கு மூட்டை சரிந்தது. ஆளுக்கு ஒன்றும் இல்லை. பக்கத்து டீக்கடைக்காரரிடம் மட்டும்தான் சொன்னாராம். என் மகளுக்குச் செய்தி போய்ச்சேர அரை மணி நேரத்துக்கு மேல் ஆகவில்லை.

மகள் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுப் புடவைக் கடையில் பில் போடுகிறாள். அவள் சத்தம் போட்டிருந்தால் சமாதானம் செய்திருக்கலாம். அன்று மாலை எங்கள் வீட்டுக்கு வந்து, கைப்பையிலிருந்து லாரிச் சாவியை எடுத்துக் காட்டிவிட்டு மறுபடியும் உள்ளே போட்டுக்கொண்டாள்.

"பிரேக்கு ஒண்ணு விடாம மாத்தணும். மாத்தினப்பறம் நான் முன்னாடி உக்காருவேன். லோடு ஏத்திக்கினு ஓட்டி, நிறுத்திக் காட்டணும். எனக்கு பயம் போச்சுன்னா சாவி. போகலைன்னா வண்டி காயலான் கடைக்கு," என்றாள்.

விலை சொல்லிவிட்டு அடுத்த புடவையைப் பிரிக்கிற கடைக்காரர் தோரணை. மாப்பிள்ளை சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் காலண்டரைத்தான் பார்த்தேன். கூரம், திருப்புட்குழிப் பக்கம் சம்பா அறுவடை தொடங்கப் போகிறது. ஜனவரி ஆறாம் தேதி திங்கட்கிழமை வண்டி வரவேண்டும், வராவிட்டால் இந்தப் பருவம் முழுவதையும் வேறு லாரிக்குக் கொடுத்துவிடுவேன் என்று அரிசி ஆலைக்காரர் சொல்லியிருந்தார். வருடத்தில் மாப்பிள்ளை தலை நிமிர்ந்து நடப்பது அந்த இரண்டு மாதம்தான். அது போனால் அவர் மறுபடியும் அந்தக் கூரைக்குக் கீழேதான் போய் நிற்க வேண்டும்.

பட்டறை மேஸ்திரி நாற்பது வயதுக்காரர். வேலையைவிட வாய் அதிகம். ஆனால் வேலையும் குறைவில்லை. தன் கை பட்ட வண்டி ஆற்காடு வரை பெயர் சொல்லும் என்று அவரே சொல்லுவார். காற்றுத் தொட்டியைக் கழற்றிக் குலுக்கியபோது உள்ளேயிருந்து துருத்தண்ணீர் கொட்டியது. பின்சக்கரத்து ஸ்பிரிங் இரண்டாக உடைந்திருந்தது. இதை மட்டும் மாற்றினால் போதாதா, அந்த டிரம் இன்னும் ஒரு வருடம் தாங்காதா என்று நான் ஒவ்வொன்றுக்கும் கேட்டேன். அவர் ஒவ்வொன்றுக்கும், "தாங்கும் சார், உங்க பொண்ணு தாங்குமா?" என்று திருப்பிக் கேட்டார். கடைசியில் கம்ப்ரசர், தொட்டி, வால்வு, குழாய், டிரம், லைனிங், கூலி எல்லாம் சேர்த்து எழுபத்தோராயிரத்து எண்ணூற்று ஐம்பது ரூபாயில் வந்து நின்றது.

அந்தக் கணக்கில் எல்லாம் பூட்டியாகிவிட்டது. ஷூ மட்டும்தான் பாக்கி. வெள்ளிக்கிழமை காலை ஆட்டோ பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தபோது மாப்பிள்ளை அங்கே இருந்தார். மேஸ்திரி செய்தித்தாளை விலக்கி ஒரு ஷூவைத் தூக்கினார். மூக்கைச் சுருக்கினார்.

"இன்னா சார், நல்லெண்ணெய் வாசனை வருது?"

என் மனைவி நிலைப்படிக்கு வைக்கும் குங்குமம் ஒரு வாரம் ஆனாலும் உதிராது. காரணம், அவள் அதை நல்லெண்ணெயில் குழைக்கிறாள். மஞ்சளையும் அப்படித்தான். தெருவில் நான்கு வீட்டுக்காரர்கள் அவளிடம் கேட்டு அந்தப் பக்குவத்தைக் கற்றுக்கொண்டார்கள். இதை நான் கொஞ்சம் பெருமையோடுதான் மேஸ்திரியிடம் சொன்னேன்.

அவர் ஷூவை வெளிச்சத்துக்குத் திருப்பினார். பொட்டைச் சுற்றி மூன்று விரல் அகலத்துக்கு, துணியில் ஊறினது போல எண்ணெய் கறுப்பாகப் பரவியிருந்தது. பதினாறிலும்.

"பிரேக்கு பிடிக்கலைன்னா சாமி பிடிச்சுக்கும்னு முடிவு பண்ணிட்டீங்களா சார்?" என்றார். அப்புறம் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

பெட்ரோல் விட்டுக் கழுவலாமா என்று கேட்டேன். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமா என்று கேட்டேன். முன்சக்கரத்தினுடையதை மட்டும் மாற்றினால் எட்டுத் துண்டோடு முடிந்துவிடுமே என்றும் கேட்டேன்.

"தேச்சே தர்றேன் சார், எனக்கு இன்னா. மொத பாலத்துல சூடு ஏறும், உள்ள குடிச்ச எண்ணெய் மேல வரும். ஒரு வீலு பிடிக்கும், ஒரு வீலு வழுக்கும். வண்டி எந்தப் பக்கம் இழுக்கும்னு நானும் சொல்ல முடியாது, நீங்களும் சொல்ல முடியாது."

நான் வாய்க்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். மறுபடியும் ஆறாயிரத்து இருநூற்று நாற்பது. அடித்ததைப் பிரிக்கத் தனிக் கூலி. இன்று வெள்ளி, நாளை சனி, ஞாயிறு லைனிங் கடை கிடையாது. சாலையில் போகிற லாரிகளையே பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை திரும்பினார்.

"மாமா, அத்தைக்குத் தெரிய வேணாம்."

அவ்வளவுதான் சொன்னார். பணத்தைப் பற்றிப் பேசவில்லை. திங்கட்கிழமையைப் பற்றியும் பேசவில்லை. அதற்குப் பிறகு பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை. அதே ஆட்டோவில் எட்டையும் ஏற்றிக்கொண்டு ஊருக்குள் திரும்பினேன். ஆட்டோக்காரர், சாமான் ஊர் சுற்றிப் பார்க்கிறதா என்று கேட்டார்.

லைனிங் கடையில் முன்னாலேயே ஒரு பஸ்ஸின் வேலை ஓடிக்கொண்டிருந்தது. மதியத்துக்கு மேல்தான் என் முறை வந்தது. ஸ்டூலைப் போட்டு எதிரிலேயே உட்கார்ந்தேன். இந்தத் தடவை கடையிலிருந்து நேராகப் பட்டறைக்குப் போவது, நடுவில் எந்த வீட்டு வாசலையும் மிதிப்பதில்லை என்று தீர்மானம். உளியால் ஆணி ஆணியாகத் தட்டி எடுத்து, பொட்டோடு இருந்த துண்டுகளை என் காலடியில் போட்டார்கள். ஒன்றரை மணிக்கு மனைவி கைப்பேசியில் கூப்பிட்டாள்.

"சாப்பிட வரலியா?"

"ஆணி கொஞ்சம் பத்தல. அதான் லேட்டு."

"காலையில எல்லாம் சரியா இருந்துச்சே?"

"கடைசியாதான் பாத்தாங்க."

பிறகு, "பொட்டு அழியலியே?" என்றாள்.

நான் குனிந்து பார்த்தேன். "அழியல," என்றேன். அது மட்டும் உண்மை.

மாலை நான்கரை மணிக்குப் புது லைனிங் அடித்த ஷூக்கள் பட்டறை போய்ச் சேர்ந்தன. பழைய பதினாறு துண்டையும் குப்பையில் போடும்படி மாப்பிள்ளை சொன்னார். ஒரு கிலோமீட்டர்கூட ஓடாத புதுச் சாமானை எப்படிப் போடுவது? ஒரு அரிசிப் பையில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மனைவி கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வைத்தேன். எதற்கு என்று கேட்டால் எனக்கும் தெரியாது.

சனிக்கிழமையை நினைத்தால் இப்போதும் மனசுக்கு இதமாக இருக்கிறது. ஷூ பூட்டி, சக்கரம் மாட்டி, வேலை முடிகிறவரைக்கும் என்று மகள் மேஸ்திரியிடம் கொடுத்துவைத்த சாவியால் எஞ்சினை ஓட்டிக் காற்றை முழுக்க ஏற்றினார்கள். பிறகு எஞ்சினை நிறுத்திவிட்டு, குழாய் சேரும் இடங்களிலெல்லாம் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். அந்த வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். பழைய ஷேவிங் பிரஷ்ஷை வீட்டிலிருந்து கொண்டுபோயிருந்தேன். வண்டிக்கு அடியில் கோணிச் சாக்கில் மல்லாந்து படுத்து, முன்னாலிருந்து பின்னால் வரை முப்பத்தொரு இணைப்பு. ஒவ்வொன்றிலும் நுரையை வைத்து மனசுக்குள் இருபது எண்ணினேன். ஒன்றில்கூடக் குமிழி வரவில்லை. மேஸ்திரி குனிந்து பார்த்து, "சார், தூங்கிட்டீங்களா? சம்பளம் கெடையாது," என்றார். எழுந்து வந்தபோது சட்டை முதுகு முழுக்க கிரீஸ். வண்டிக்கு இத்தனை வருடத்தில் நான் பணம் மட்டும்தான் கொடுத்திருந்தேன்; அன்றுதான் கையையும் கொடுத்தேன். மறுநாள் காலை வரை காற்று முள் ஒரு நூலுக்கு மேல் இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு மகள் வந்தாள். கூரத்தில் ஒருவர் மூவாயிரம் செங்கல் கேட்டிருந்தார். அதைச் சூளையில் வண்டியில் ஏற்றித் தயாராக வைத்திருந்தோம். லோடு ஏற்றித்தான் நிறுத்திக் காட்ட வேண்டும் என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள் அல்லவா. ஏரிக்கரைச் சாலையில் அந்த நேரத்தில் ஆடுமாடுகூட இல்லை. ஏரி நிரம்பியிருந்தது, அதைப் பார்த்ததும் எனக்குப் புதிதாக ஒரு கவலை வந்தது. வண்டி ஒரு பக்கம் இழுத்தால் தண்ணீர், மறுபக்கம் இழுத்தால் வயல்.

பிரேக் வேலை முடிந்த வண்டிக்கு அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. மற்ற இடங்களில் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக்கொண்டு புறப்படுவார்கள். மேஸ்திரி அப்படிச் செய்வதில்லை. சாலையின் குறுக்கே ஒரு கோடு போட்டு, அங்கிருந்து முப்பது தப்படி தள்ளிப் பழத்தை வைப்பார். வண்டி வேகமாக வந்து கோட்டில் பிரேக் பிடித்துப் பழத்துக்கு முன்னால் நிற்க வேண்டும். நின்றால்தான் பிறகு அதைச் சக்கரத்துக்குக் கொடுப்பது. நிற்காமல் நசுங்கினால் கூலி வேண்டாம் என்பது அவர் சவால்.

தப்படியை நானும் ஒரு முறை போட்டுச் சரிபார்த்தேன். எனக்கு முப்பத்து நான்கு வந்தது. "உங்க காலு குட்டை சார்," என்றார் மேஸ்திரி.

மாப்பிள்ளை ஏறினார், நடுவில் மகள், ஓரத்தில் நான். அவர் நெற்றியில் வியர்வை. அவள் இரண்டு கையாலும் முன்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வண்டி நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்கு வந்தது. கோட்டில் மிதித்தார். செங்கல்கள் பின்னால் ஒரு முறை முனகின. என் மூக்குக்கண்ணாடி மடியில் விழுந்தது. வண்டி நேராக, இடம் வலம் திரும்பாமல் நின்றது. பழத்துக்கு இன்னும் எட்டு தப்படி பாக்கி இருந்தது.

மாப்பிள்ளை அவள் முகத்தைப் பார்த்தார்.

"இன்னொரு தபா," என்றாள்.

இரண்டாவது தடவையும் அப்படியே நின்றது. பழத்துக்கு ஒன்பது தப்படி. மூன்றாவது தடவை, கோடு வேண்டாம், தான் சொல்லும் இடத்தில் நிறுத்த வேண்டும் என்றாள். வண்டி வேகம் எடுத்தது. கோட்டுக்கு வெகு முன்னால், நான் ஏரியில் ஒரு நாரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, "இப்போ," என்றாள். சத்தமாகக்கூட இல்லை. மாப்பிள்ளையின் கால் அவள் வாய் மூடுவதற்குள் இறங்கியது. எஞ்சின் சத்தம் அடங்கி, காற்று 'புஸ்' என்று விட்டது. அவள் கம்பியிலிருந்து ஒரு கையை எடுத்தாள், பிறகு மற்றக் கையையும் எடுத்தாள்.

"அப்பா, வழிவிடு," என்று என்னை இறங்கச் சொல்லித் தானும் இறங்கினாள். சாலையில் நடந்துபோய், அங்கே வைத்திருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு, மேஸ்திரியிடமிருந்து இன்னும் மூன்று வாங்கினாள். திரும்பி வந்து, குனிந்து, ஒவ்வொரு சக்கரத்துக்கு முன்னாலும் தானே வைத்தாள். பின்சக்கரத்துக்கு வைக்கும்போது புடவையில் மண் பட்டது; தட்டிவிட்டுக்கொண்டாள்.

"இன்னா பாத்துக்கினு இருக்க? எடு வண்டிய," என்றாள் புருஷனிடம்.

மாப்பிள்ளை வண்டியை எடுத்தார். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, நான்கும் நசுங்கின. மேஸ்திரி தன் கூலி பிழைத்தது என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

வீட்டுக்கு வந்தபோது ஆறரை. கைகால் கழுவிவிட்டு மாடியில் காய்ந்த சட்டையை எடுக்கப் போனேன். மாடிக் கதவு எப்போதும் காற்றுக்கு அடித்துக்கொள்ளும்; அன்று அடிக்காமல் திறந்தே இருந்தது. குனிந்து பார்த்தேன். கதவுக்கு அடியில் ஒரு லைனிங் துண்டு சொருகியிருந்தது. மஞ்சளும் குங்குமமும் அப்படியே இருந்தன.

பின்னாலேயே மனைவி வந்து நின்றாள். "நல்லா பிடிக்குதுங்க," என்றாள்.

மாப்பிள்ளை வெள்ளிக்கிழமை ராத்திரியே என் மகளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். மகள் சனிக்கிழமை காலை அம்மாவிடம் சொல்லிவிட்டாள். இரண்டு நாளாக எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. தெரியாதென்று நினைத்துக்கொண்டிருந்தது நான் ஒருவன்தான். தான் வைத்த எண்ணெயால் இத்தனை அலைச்சல் ஆயிற்றே என்று அவள் அழுவாள் என்று பயந்திருந்தேன். அவள் அழவில்லை. உள்ளே போய்ச் சீட்டுப் பணம் வைத்திருக்கும் டப்பாவைக் கொண்டுவந்தாள். புது லைனிங் ஆறாயிரத்து இருநூற்று நாற்பது, பிரித்து அடித்த கூலி எண்ணூறு, ஆக ஏழாயிரத்து நாற்பது என்று அவளுக்கு ரூபாய் சுத்தமாகத் தெரிந்திருந்தது. பதினான்கு ஐந்நூறு ரூபாய்த் தாள்களை என் கையில் வைத்தாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"என் பொட்டுக்கு நான் குடுக்கிறேன். மீதி நாப்பது ரூபா, ஆணி பத்தலன்னு நீங்க சொன்ன பொய்க்கு."

தாள்களை அவள் எதிரிலேயே எண்ணினேன். அதை அவள் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டாள். நாற்பத்தோரு வருடமாகப் பார்க்கிறாள்.

திங்கட்கிழமை மாப்பிள்ளை செங்கல்லைக் கூரத்தில் இறக்கிவிட்டு, முதல் நெல்லை ஏற்றிக்கொண்டு ஆலைக்கு வந்தார். மேம்பாலத்தில் இறங்கியதும் என் மகளைக் கூப்பிட்டுச் சொன்னார். அவள் எனக்குச் சொன்னாள். நான் பேனாவை எடுத்து எழுபத்தோராயிரத்து எண்ணூற்று ஐம்பதோடு ஏழாயிரத்து நாற்பதைக் கூட்டி, அதிலிருந்து ஏழாயிரத்தைக் கழித்தேன். அந்த பிரேக்குக்கு என் கையிலிருந்து போனது, பொய்க்கு உண்டான நாற்பதையும் சேர்த்து, எழுபத்தோராயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறு ரூபாய்.